மலைப் பேருந்தில் கேட்ட புத்தகம் படித்த கணக்கில் வருமா?

ஏழரை மணி பஸ் (கோத்தகிரி) | திங்கள் இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து தினமும் ஊட்டிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கோவையில் படித்த நாளில் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே நாவல் படித்தவன் நான். இங்கே அது பலிக்கவில்லை. இரண்டு வளைவு திரும்பினால் எழுத்து மிதக்கிறது, மூன்றாவதில் வயிறு புரள்கிறது. எலுமிச்சம்பழம் முகர்ந்தாயிற்று, இஞ்சி மிட்டாய் சப்பியாயிற்று, டிரைவருக்குப் பின் சீட்டுக்கு மாறியாயிற்று. ஒரு நாள் பக்கத்து சீட்டு அம்மா, நம் மாவட்டத்தில் தடை செய்த பாலித்தீன் பையை எங்கிருந்தோ எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அன்றோடு பஸ்ஸில் புத்தகத்தை மூடினேன்.

நாலு மாதமாக ஹெட்செட்தான். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் கேட்டு முடித்தேன். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ மட்டும் மூன்று முறை.

சிக்கல் இதுதான். ஜனவரியில் ஒரு நோட்டுப் போட்டு, இந்த வருஷம் 24 புத்தகம் என்று எழுதிவைத்தேன். கேட்டதைச் சேர்த்தால் 19 ஆகிறது. சேர்க்காவிட்டால் வெறும் 6. “கதை கேட்டுவிட்டுப் படித்தேன் என்று எழுதாதே, பரீட்சையில் பார்த்து எழுதுகிற மாதிரி இருக்கிறது” என்கிறாள் தங்கை. எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அப்படியே, அடுத்து எதைக் கேட்கலாம், இந்த ஐப்பசி மழைக்கு வீட்டில் உட்கார்ந்து எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.


ஓய்வில் தமிழம்மா (குன்னூர்) | திங்கள் இரவு 9.48

தம்பி, 31 வருஷம் தமிழ் நடத்தியவள் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வள்ளுவர் கல்வியை 40ஆம் அதிகாரத்தில் வைத்தார், கேள்வியை 42இல் வைத்தார். இரண்டும் ஒன்று என்றால் ஒரே அதிகாரத்தில் முடித்திருப்பாரே. ஆகவே உன் தங்கை சொல்வது சரி.

ஆனால் செல்வத்துக்குள் செல்வம் என்று அவர் சொன்னது செவிச்செல்வத்தைத்தான். அதனால் நீ வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திண்ணையில் ஒருவர் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை ராகம் போட்டு வாசிப்பார், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பத்துப் பேரில் யாரும் “நான் விக்கிரமாதித்தன் படித்தேன்” என்று சொன்னதில்லை. “கேட்டிருக்கிறேன்” என்றுதான் சொல்வார்கள். பதுமை சொன்ன கதையில் எந்த இடத்தில் தடுக்கினாலும் பாட்டி எடுத்துக்கொடுப்பார். வாசித்தவருக்கே அந்த அளவு ஞாபகம் இருக்காது. நோட்டில் எழுது, தாராளமாக எழுது. ‘கேட்டது’ என்று எழுது, அவ்வளவுதான்.

படிக்க என்று கேட்டால், நீலகிரியில் இருந்துகொண்டு ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ படிக்காமல் இருக்கக் கூடாது.


ஒன்றரை வேகம் (கொடைக்கானல்) | திங்கள் இரவு 10.15

இதில் என்ன குழப்பம் நண்பரே? உள்ளே போனது ஒரே கதை. கண் வழியாகப் போனால் என்ன, காது வழியாகப் போனால் என்ன? நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். காலை நடையில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறேன். பழகிவிட்டால் இரண்டு மடங்கும் முடியும். போன வருஷம் 60 புத்தகம் தாண்டினேன்.


ஓய்வில் தமிழம்மா (குன்னூர்) | திங்கள் இரவு 10.22

அறுபதில் ஆறின் கதையைச் சொல்லு பார்ப்போம்.


பூண்டுக்காடு (பூம்பாறை) | செவ்வாய் காலை 6.05

ஒன்றரை வேகம் அண்ணா, அந்த வேகத்தில் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வந்தால் அவனே கீழே விழுந்துவிடுவான். அந்த அத்தியாயம் ஆடிப்பெருக்கு நாள். கரை முழுக்க ஜனம், ஏரி நிறையத் தண்ணீர். மெதுவாக வந்தால்தானே பார்க்க முடியும்?

இன்னொரு விஷயம், சண்டைக்குச் சொல்லவில்லை. நடக்கும்போது இரண்டு காதையும் அடைக்காதீர்கள். கொடைக்கானலில் காலை ஆறு மணிக்குக் காட்டெருமை ரோட்டில் நிற்பது உங்களுக்குத் தெரியும். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி இருப்பது தெரியாது, மூச்சு விடுகிற சத்தம்தான் முதலில் கேட்கும். போன மாதம் பூண்டுப் பாத்திக்குப் போகிற வழியில் நான் கதை கேட்டுக்கொண்டே போய், ஒரு கிடாரி அளவு தூரத்தில் போய் நின்றேன். கதையில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வலது காதில் மட்டும்தான்.

எனக்குப் படிப்பு கம்மி. பத்தாவதோடு நின்றுவிட்டேன். எனக்குப் புத்தகம் என்று ஒன்று இருப்பதைச் சொல்லிக்கொடுத்ததே ரேடியோதான். எங்களுக்குக் கோடை பண்பலை 100.5. மலை உச்சியில் கோபுரம் இருப்பதால் கீழே மதுரை, திண்டுக்கல் வரை கேட்கும். அதில் யாரோ ஒரு கதையைப் பாதி சொல்லி நிறுத்துவார்கள். மீதிக்காகத்தான் முதன்முதலில் நூலகப் படி ஏறினேன். அதனால் கேட்பது படிப்பாகுமா என்று என்னைக் கேட்டால், கேட்காவிட்டால் நான் படித்தே இருக்க மாட்டேன்.


ஏழரை மணி பஸ் (கோத்தகிரி) | செவ்வாய் காலை 8.02

பஸ்ஸிலிருந்து எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக. ஒரு காது யோசனைக்கு நன்றி அண்ணா. எங்கள் பக்கம் கரடி வேறு. குறிஞ்சித்தேன் பற்றி இன்னும் கொஞ்சம் யாராவது சொ


ஏழரை மணி பஸ் (கோத்தகிரி) | செவ்வாய் காலை 8.31

மன்னிக்கவும், டவர் போய்விட்டது. யாராவது சொல்லுங்கள் என்று எழுத வந்தேன்.


ஹட்டிக்காரன் (உதகை) | செவ்வாய் மதியம் 1.40

நான் சொல்கிறேன். நான் படுகன், குந்தா பக்கத்து ஹட்டி (எங்கள் ஊர்களை அப்படித்தான் சொல்வோம்). எங்கள் ஜனங்களைப் பற்றித்தான் குறிஞ்சித்தேன். 1960களில் வந்த நாவல். ராஜம் கிருஷ்ணனின் கணவர் மின்துறைப் பொறியாளர். அணைக்கட்டு வேலை நடந்த காலத்தில் அந்த அம்மாள் இங்கே வந்து இருந்து, பார்த்து, பேசி எழுதியது. ராகியும் சாமையும் விளைந்த மண் எப்படி உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் மாறியது, காசு வந்ததும் அண்ணன் தம்பிக்குள் என்ன ஆனது, எல்லாம் அதில் இருக்கிறது. காலத்தைக் குறிஞ்சி பூப்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். 12 வருஷத்துக்கு ஒரு முறை. 2006, 2018 என்று நாம் பார்த்தோமே, அடுத்தது 2030, அந்தக் கணக்கு.

எனக்கு அந்த நாவல் மேல் கொஞ்சம் கோபமும் உண்டு. வெளியிலிருந்து வந்தவர் பார்த்த பார்வை சில இடத்தில் தெரிகிறது. எங்கள் பேச்சைத் தமிழில் எழுதும்போது அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஆனாலும், எங்களைப் பற்றி அத்தனை பக்கம் உட்கார்ந்து எழுத வேறு யார் வந்தார்கள்?

கேட்பது பற்றிய பேச்சு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் பாட்டிக்குத் தமிழ் புரியும், படிக்கத் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் கரியடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அதில் இரண்டு அத்தியாயம் வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் படுகுக்கு மாற்றிச் சொல்வேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்துவார். “எருமையை அந்த நேரத்துக்கு யாரும் கறக்க மாட்டார்கள்”, “அந்த வீட்டுப் பெண்ணை அப்படிக் கூப்பிட மாட்டோம்” என்று திருத்திக்கொண்டே இருப்பார். இரண்டு மாதம் ஓடியது. நான் தனியாகப் படித்திருந்தால் மூன்று நாளில் முடித்திருப்பேன், அந்தத் திருத்தம் ஒன்றும் கிடைத்திருக்காது. ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். அந்தப் பிரதியை யாருக்கும் இரவல் தர மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரித் தம்பிக்கு உங்கள் ஊர் சமூக வானொலி 90.4 இருக்கிறதே. படுகிலும் பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சி வருகிறது. பஸ்ஸில் புத்தகம்தான் கேட்க வேண்டும் என்று சட்டமா?


ஈரச்சுவர் (குன்னூர்) | செவ்வாய் மாலை 5.20

இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன். நீங்கள் கேட்பதா படிப்பதா என்று பேசுகிறீர்கள், எனக்குப் படிக்கப் புத்தகமே மிஞ்சவில்லை. வாடகை வீடு, வடக்குச் சுவர் முழுக்க ஈரம். பத்து வருஷம் சேர்த்த புத்தகத்தில் பாதி பூஞ்சை பிடித்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அலமாரியில் வைத்தேன். பூஞ்சை போகவில்லை, ‘மோகமுள்’ளைத் திறந்தால் ஜலதோஷ மருந்து வாசனை அடிக்கிறது. என்ன செய்கிறீர்கள் எல்லோரும்?


ஓய்வில் தமிழம்மா (குன்னூர்) | செவ்வாய் மாலை 6.02

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, நாலு விரல் இடம் விடு. புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போடாதே, உள்ளே வேர்த்து இன்னும் கெடும். நெருக்கி அடுக்காதே. வெயில் வந்த நாளில் காற்றோட்டமான நிழலில் பிரித்து வை, நேர் வெயிலில் வைத்தால் தாள் பழுத்துவிடும். பூஞ்சையைத் தட்டும்போது வீட்டுக்குள் தட்டாதே, மூக்கைத் துணியால் கட்டிக்கொள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து அலமாரியில் போடு. அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு இல்லை. மோகமுள்ளை ஒரு வாரம் திறந்து வை, வாசனை போகும்.


லைன்வீட்டுப் பேரன் (பந்தலூர்) | செவ்வாய் இரவு 9.30

உங்களுக்கெல்லாம் ஐப்பசி மழை, எங்களுக்கு ஆடியிலேயே முடிந்துவிட்டது. தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையில் மின்சாரம் இருந்தால்தான் அதிசயம். அதனால் கேட்பதும் படிப்பதும் எங்களுக்கு போன் சார்ஜைப் பொறுத்தது.

எங்கள் தாத்தா கண்டிக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களை அப்படித்தான் இங்கே சொல்வார்கள். சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் போட்டது. அதன்படி அங்கே தோட்டத்தில் இருந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் அரசு தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். பிறந்ததிலிருந்து கொழுந்து பறித்தவருக்கு மறுபடியும் கொழுந்து. அவர் கொண்டுவந்த சாமானில் ஒரு ரேடியோ பெட்டி உண்டு. இலங்கை வானொலி கேட்பதற்காக அதைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவாராம். பாட்டுக்காக இல்லை, அந்தப் பேச்சுக்காக என்று அப்பா சொல்வார்.

இப்போது தாத்தாவுக்குக் கண்ணில் புரை. போன வாரம் தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதையை அவருக்கு வாசித்தேன். தெரியாதவர்களுக்கு: இலங்கை மலையகத்து எழுத்தாளர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றை அறையில் அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் படுக்க வேண்டிய கொடுமைதான் கதை. அதில் ‘காம்பிரா’ என்று ஒரு சொல் வந்தது. நான் தடுக்கினேன். “அறைடா, அங்கே அப்படித்தான் சொல்வோம்” என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை என்று அப்பா சொன்னார். கதை முடிந்ததும் தாத்தா ஒன்றும் பேசவில்லை. வெளியே போய்த் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில், “அந்த ஆள் எந்தத் தோட்டம் என்று போட்டிருக்கிறதா பார்” என்றார்.

இதைக் காதில் மாட்டிக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தடுக்கியதால்தானே அவர் வாய் திறந்தார்.


ஒன்றரை வேகம் (கொடைக்கானல்) | செவ்வாய் இரவு 10.05

லைன்வீட்டுப் பேரன், இதைப் படித்துவிட்டு வேகத்தை ஒன்றுக்குக் குறைத்தேன். பேரை மாற்ற முடியவில்லை, அதனால் அப்படியே இருக்கட்டும்.

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ கேட்டேன், ஒன்றும் நிற்கவில்லை. சாதாரணமாகத்தான் போகிறது, போகிறது, முடிந்துவிட்டது. அப்புறம் காகிதத்தில் படித்தபோதுதான் எவ்வளவு விஷயத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று தெரிந்தது. வளைவில் ஒரு ஹாரன் அடித்தால் அவருடைய முக்கியமான வரி போய்விடும்.


ஹட்டிக்காரன் (உதகை) | செவ்வாய் இரவு 10.31

அது சரி. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ அப்படித்தான். டைரிக் குறிப்பு, முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். காதுக்குப் புரட்ட வழியில்லை. கவிதையும் எனக்குக் கண்ணால்தான். வரி எங்கே உடைகிறது என்று பார்க்காவிட்டால் பாதி போயிற்று.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யையும் காதுக்கு வேண்டாம் என்பேன். மெடான், பினாங்கு என்று ஊர்ப்பெயரும் மலாய்ச் சொல்லும் வரிசையாக வரும்.


பூண்டுக்காடு (பூம்பாறை) | புதன் காலை 5.50

அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. புயலிலே ஒரு தோணியை நான் படித்துப் பார்த்து இருபது பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒரு நண்பன் சத்தமாக வாசித்தபோதுதான் பிடிபட்டது. கடைத்தெருப் பேரெல்லாம் வரிசையாக வருகிற இடம் சந்தையில் ஏலம் விடுகிற மாதிரி இருந்தது. வத்தலக்குண்டில் பூண்டு மூட்டை இறக்கும்போது கேட்கிற சத்தம். அர்த்தம் தெரியாத சொல்லுக்கு நான் கவலைப்படவே இல்லை.

கி. ராஜநாராயணனும் அப்படித்தான். ‘கோபல்ல கிராமம்’ எழுத்தே இல்லை, பேச்சு. நூறு வயது தாண்டிய பூட்டி உட்கார்ந்து, தெலுங்குச் சீமையிலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்லச் சொல்லக் கேட்கிறோம். பஸ்ஸுக்கு அதைவிட என்ன வேண்டும்?


ஈரச்சுவர் (குன்னூர்) | புதன் காலை 9.15

ஒரு பயன்பாட்டுக் குறிப்பு, டவர் இல்லாதவர்களுக்கு. நாட்டுடைமையான நூல்களைக் காசில்லாமல் எடுக்கலாம். மதுரைத் திட்டம் 1998இலிருந்து தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து போட்டு வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இருக்கிறது. கல்கி, புதுமைப்பித்தன் எல்லாம் அப்படிக் கிடைக்கும். வீட்டில் டவுன்லோடு செய்துவிட்டு, போனையே வாசிக்கச் சொல்லலாம். இயந்திரக் குரல் கொஞ்சம் கொடுமைதான். ‘பொன் மாலை’ என்று வரும் இடத்தில் ஜோசியம் சொல்வது போல இழுக்கும். புதுமைப்பித்தனின் கிண்டல் அதற்குப் புரியவே புரியாது. ஆனால் கட்டுரைக்குப் பரவாயில்லை.

உயிரோடு இருக்கிற எழுத்தாளர்களின் புத்தகத்தை யாரோ திருட்டுத்தனமாக வாசித்துப் போட்டதை மட்டும் கேட்காதீர்கள். விற்கிற பிரதிக்குக் கிடைக்கும் பங்குதான் அவர்களுக்கு.


ஓய்வில் தமிழம்மா (குன்னூர்) | புதன் காலை 10.40

கட்டுரை என்றதும் ஞாபகம் வருகிறது. மலையில் இருக்கிறவர்கள் வீட்டில் சு. தியடோர் பாஸ்கரன் ஒன்றாவது இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அஞ்சல் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘சோலை எனும் வாழிடம்’ என்று ஒரு சிறு நூல். பைன் மரத்தையும் தைல மரத்தையும் காடு என்று நினைத்துப் படம் எடுக்கிற நம் விருந்தாளிகளுக்குக் கொடுக்கலாம். பறவைக்கும் விலங்குக்கும் இருக்கிற பழைய தமிழ்ப் பெயர்களை அவர் தேடி எடுத்துப் பயன்படுத்துவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுத்ததும் அவர்தான். கிருஷ்ணன், பத்மாவதி சரித்திரம் எழுதிய மாதவையாவின் மகன். சின்னச் சின்னக் கட்டுரைகள், கரண்டு போவதற்குள் ஒன்று முடித்துவிடலாம்.

‘எரியும் பனிக்காடு’ என்று யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன், யாரும் சொல்லவில்லை. டேனியல் என்ற மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழாக்கினார். அது வால்பாறை, நீலகிரி இல்லை. ஆனாலும் தேநீர் குடிக்கிறவர்கள் படிக்க வேண்டும். நம் ஊர் வர்க்கி பிஸ்கட்டைத் தேநீரில் தொட்டுக்கொண்டு படிக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.


ஏழரை மணி பஸ் (கோத்தகிரி) | வியாழன் இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. நேற்று கிளை நூலகத்தில் குறிஞ்சித்தேன் கிடைத்தது. முதல் பக்கத்தில் யாரோ பேனாவால் தேயிலை எடைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 38 கிலோ, 41 கிலோ என்று. அழிக்கவில்லை.

நோட்டில் நடுவே கோடு போட்டேன். தங்கைக்கு அதுவும் பிடிக்கவில்லை. “அப்போ சின்ன வயதில் அம்மா எனக்குச் சொன்னதெல்லாம் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.


லைன்வீட்டுப் பேரன் (பந்தலூர்) | வியாழன் இரவு 9.25

இங்கே ஒரு அவசரம். தாத்தாவைக் கண் காட்ட நாளை ஊட்டிக்குக் கூட்டிப் போகிறேன். போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்ஸில் என்னால் வாசிக்க முடியாது. ஆளுக்கு ஒரு காதாக மாட்டிக்கொண்டு ஏதாவது போடு என்கிறார். எதைப் போடட்டும்?


ஓய்வில் தமிழம்மா (குன்னூர்) | வியாழன் இரவு 9.31

கோபல்ல கிராமம். இன்றைக்கே டவுன்லோடு செய்துவிடு. அவரை ஜன்னல் பக்கம் உட்கார வை.